யோடலுக்கு விழுந்த கெட்டிமேளம்

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் ஒரு கலியாண ஹோலில், கையில் மைக்கோடு, ஒரு பொய் சொல்லத் தயாராக நின்றேன். ‘நேரம் போதாது’ என்கிற பொய். இந்த ஊரில் எத்தனையோ கலியாணங்களுக்கு நான்தான் அறிவிப்பாளர். அந்தப் பொய்யை என்னைவிட அழகாகச் சொல்ல ஆளில்லை.

சொல்லச் சொன்னவர் மாப்பிள்ளையின் அம்மா, மல்வேர்ன் பக்கம் இருக்கிற பவளமக்கா. காரணம் மணப்பெண் நிலானி. சுவிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அங்கே மலைக்கிராமத்துப் பாட்டுக் குழுவில் யோடல் பழகியவள். யோடல் என்றால்... ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்க்கிறவர்கள் அடுத்த மலைக்குக் கூப்பிடுகிற மாதிரி, அடித்தொண்டைக்கும் உச்சிக்கும் குரலைத் தாவவிட்டுப் பாடுவது. அதை அக்கோர்டியனோடும் கொம்பியூட்டர் பீட்டோடும் கலந்து புதிதாக ஏதோ செய்கிறாள். தாலி கட்டி, சாப்பாடும் முடிந்தபிறகு மேடையில் பாட ஆசைப்பட்டாள்.

“நல்ல நாளிலை உவள் அழுகிற மாதிரிக் கத்தினால் சனம் என்ன சொல்லும்? நேரமில்லை எண்டு சொல்லிவிடு தம்பி,” என்றார் பவளமக்கா.

சரி என்றேன். வாய் கூசவில்லை.

பிறகு நிலானியே என்னிடம் வந்தாள். “அங்கிள், அம்மா அப்பா அடுத்த கிழமை திரும்பிப் போயிடுவினம். என்ரை மியூசிக் பாண்டையும் அங்கை விட்டிட்டு வந்திட்டன். இண்டைக்கு இவ்வளவு பேருக்கும் முன்னாலை பாடாட்டி, இனி இந்த ஊரிலை நான் பாடவே மாட்டன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பீட்ஸாவுக்குச் சம்பல் தொட்டுச் சாப்பிடுகிறவன் நான். சினோப் பனி கொட்டுகிற பார்க்கிங் லொட்டில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை அழைக்கிற ஆட்கள் நாங்கள். கலப்பு வேண்டாமென்று சொல்ல எங்களுக்கு என்ன வாய் இருக்கிறது?

பவளமக்காவின் பக்கம் பார்க்காமல், அவளுடைய பெயரை அறிவித்தேன்.

மாப்பிள்ளை லப்டொப்பைத் தட்ட, பீட் ஓடியது. நிலானி மெல்லத் தொடங்கி... திடீரென்று குரலை உச்சிக்கு ஏற்றி உடைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. தவில்காரர் கந்தையா அண்ணை மேடைக்கு முதுகைக் காட்டியபடி, மடியில் தவிலோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கலியாண வீட்டில் அழுகுரல், தும்மல் எது கேட்டாலும் அமுக்க வேண்டும் — அதற்குத்தானே கெட்டிமேளம்? நாற்பது வருசப் பழக்கம். கோப்பை ஒரு பக்கம் போக, கை தானாகவே தவிலில் விழுந்தது. நாதஸ்வரக்காரரும் விடவில்லை, ஏனென்று கேளாமலே சேர்ந்து பிடித்தார்.

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனம் என்ன செய்யும்? முழு ஹோலும் எழும்பி நின்றது. ஐஸ்கிரீம் கோப்பையோடு நின்ற ஒருவர், மேசைப் பூவைப் பிய்த்து மேடைக்கு எறிந்து ஆசீர்வதித்தார். எனக்குப் பக்கத்தில் பவளமக்காவும் எழும்பிவிட்டார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன்.

நிலானி நிற்பாட்டவில்லை. லப்டொப்பை நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டினாள். தவிலைக் கேட்டாள். பிறகு அந்த அடிக்கு மேலே ஏறி, முன்னதைவிட உயரத்தில் குரலை உடைத்தாள்.

அண்ணை திரும்பிப் பார்த்தார். அழுவது யாருமில்லை, கலியாணப் பொம்பிளை பாடுகிறாள் என்று விளங்கியதும் முகம் கறுத்தது. கை மட்டும் நிற்கவில்லை. கொஞ்சம் இறக்கி, அவளுக்கு இடம் விட்டு வாசித்தார். அவள் ஒரு தாவு தாவினால் இவர் ஒரு உருட்டு உருட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே சண்டை பிடித்தார்கள்.

கலப்பு இசை பற்றி ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் சொல்கிறேன் — ஒன்று மற்றதை அமுக்கப் பார்த்து, முடியாமல் போகிற இடத்தில்தான் அது பிறக்கிறது. கலியாணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

பவளமக்காவிடம் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த நேரம் விட்பியிலிருந்து வந்த ஒரு அன்ரி அவரின் தோளைத் தட்டி, “உதென்ன பாட்டு, பவளம்?” என்று கேட்டார்.

“எங்கடை வீட்டுப் பாட்டு,” என்றார் பவளமக்கா. “கொஞ்சம் பேசாமல் இருங்கோ... கேப்பம்.”