கயிற்றின் கடைசி ஆள்

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு மூட்டை என்று பெயர். யாரும் கேலிக்கு வைத்ததில்லை. மற்றவர்கள் ஈர விரிப்பு மூட்டையை ஆளுக்கு ஒன்றாக முக்கி முனகிப் படியேற்றும்போது, இவள் தோளுக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு, நடுப்படியில் நின்று கதை வேறு பேசுவாள். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது நாற்பத்து நாலு. கணவர் அதே கட்டடத்தில் லிப்ட் இயக்குகிறார். அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், அடுத்த அறையில் இஸ்திரி போடுகிறாள். ஆகவே குடும்பச் சண்டையை வீடு போய்ச் சேரும்வரை அடக்கி வைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்ததில்லை.

மூட்டைக்கு ஒரே குறை, சந்தோஷம் வந்தால் தாங்காது. மூத்த மகள் பரீட்சையில் தேறிய செய்தி வந்த அன்று, வார்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து அரையடி தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் இவளைக் கண்டால் சுவரோரமாகத்தான் நடப்பார்.

போன வருடம் கயிறு இழுக்கும் போட்டியில் அணியைக் கவிழ்த்ததும் இந்தக் குறைதான். எட்டுப் பேர் அணியில் மூட்டை கடைசி ஆள். கடைசி ஆளுக்குத்தான் கயிறு அக்குளுக்கு அடியில் நுழைந்து, முதுகின் குறுக்கே ஏறி, மறு தோள்மேல் இறங்கும். மற்ற ஏழு பேர் இழுக்கலாம், நழுவலாம், பிடி மாற்றலாம். கடைசி ஆள் நிற்கவேண்டும். இவள் நிற்பாளா? நடுவர் "இழு" என்று சொல்லுமுன் இழுத்தாள். எதிரணி கிண்டல் பண்ணினால் திரும்பிப் பதில் சொன்னாள். கடைசியில் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்தே விட்டாள். ஒரே இழுப்பில் இரண்டு எச்சரிக்கை வந்தால் அந்த இழுப்பு தோல்வி என்பது விதி. தோற்றார்கள்.

இந்த வருடம் அப்படித் தோற்க முடியாது. சலவைப் பிரிவின் உலர்த்தும் மெஷின் செத்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது. வெயில் காலம் எப்படியோ ஓடிவிடும். மழைக்காலத்தில் எட்டுப் பெண்களும் நாளைக்கு நானூறு விரிப்பைக் கையால் பிழிந்தார்கள், ஒரு முனையில் ஒருத்தி, மறு முனையில் ஒருத்தி. பிழிந்தும் காயாது. ஈரம் காயாத விரிப்பில் படுத்தவருக்கு இரண்டு நாளில் முதுகு சிவக்கும். நாலாம் நாள் புண். நாட்டின் எல்லா மருத்துவமனை ஊழியர்களுக்குமான விளையாட்டு விழாவில், பெண்கள் கயிறு இழுப்பில் ஜெயிக்கும் அணிக்கு ஒரு மெஷின் கம்பெனி பெரிய உலர்த்தும் மெஷினைப் பரிசாக அறிவித்திருந்தது. பிழிந்து பிழிந்து உரமேறிய கைகளோடு இவர்கள் இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டார்கள். அது நாட்டின் அந்தக் கோடியில் நடக்கிறது. ரயிலில் ஒன்றரை நாள்.

ரயிலில் மூட்டையின் ஆட்டத்தைக் கேட்கவேண்டுமா? ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, வந்த ஸ்டேஷனுக்கெல்லாம் கை காட்டினாள். அடுத்த பெட்டிக்காரர்களுக்குக்கூட மெஷினின் அளவு மனப்பாடமாகிவிட்டது.

"அண்ணி, கொஞ்சம் மிச்சம் வைங்க. நாளைக்குக் கயித்துக்கும் வேணும்," என்றாள் நாத்தனார். ஒல்லி உடம்பு, இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சூடான வாய். அணித் தலைவியும் அவள்தான்.

"எங்கிட்ட ஊறிக்கிட்டே இருக்கும்டி!" என்றாள் மூட்டை.

நண்பகலுக்கு வண்டி நின்றது. மூட்டை பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் கால் வைத்தாள். வைத்த அந்த நிமிடமே ஊறியதெல்லாம் வற்றிவிட்டது.

ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. ஊர் நன்றாகத்தான் இருந்தது. அவர்களுடைய ஊரில் தெருவெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக, வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே எல்லாம் சப்பட்டை. அகலமான சாலை, சாலைக்கு அந்தப் பக்கமும் வெறும் வெளி, அதற்குப் பிறகு வானம். ஆட்கள் முகம் கொடுத்துப் பேசினார்கள். தங்கும் விடுதியில் ஆளுக்கொரு கட்டில், வெந்நீர் வரும் குழாய், ஒரு சுருக்கம் இல்லாத விரிப்பு. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், ஊறின போர்வை ஒன்றை நாலாக மடித்து வைத்தாற்போல ஒரு கனம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அணி பதறிப்போனது. தண்ணீர் மாறினதால் என்றாள் ஒருத்தி. ரயில் சூடு என்றாள் இன்னொருத்தி. வீட்டு ஞாபகம் என்று மூன்றாமவள் தீர்ப்புச் சொல்ல, மூட்டை, "வீட்ட விட்டு வந்தா போதும்னுதானே இருந்தேன்," என்றாள், சுரத்தே இல்லாமல். அவள் சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் எல்லோரையும் அதிகம் பயமுறுத்தியது.

மேற்பார்வைக்கு வந்திருந்த வார்டு சிஸ்டர் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தார்.

"காலையில வயிறு சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சு சிஸ்டர்."

"தூங்குனியா?"

"வண்டியில நல்லாத் தூங்குனேன்."

"அழுகை வருதா?"

"வந்தாத் தேவலையே. அதுவும் வரல."

"எங்கயாவது வலி?"

"இல்ல. என்னமோ மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

சிஸ்டர் பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டார். "உடம்புல ஒண்ணுமில்ல. ஏன் ஏன்னு நோண்டிக்கிட்டு உக்காராத. காரணம் கெடச்சா மட்டும் எறங்கிடப் போகுதா? பசிக்கலன்னாலும் ரெண்டு முட்டை சாப்பிடு, குளி, ஒரு நடை நட. நாளைக்குக் காலையில பாப்போம்."

மூட்டை சொன்னதைச் செய்தாள். நடக்கும்போது கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னமோ மாதிரி இருக்குங்க."

லிப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். "மனசு எந்த மாடியில நிக்குது?"

"தெரியல. கதவே தெறக்க மாட்டேங்குது."

"நடுவுல நின்னா உள்ள இருந்து போட்டுத் தட்டக்கூடாது. தானா நகரும். நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கேன், எப்ப வேணாப் பேசு."

மறுநாள் காலை எட்டரை மணி. ஒன்பது மணிக்குள் எட்டுப் பேர் பட்டியலைக் கொடுத்துவிடவேண்டும். நெஞ்சுக்கடியில் அந்த ஈரப் போர்வை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. மூட்டை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எடுத்துடு," என்றாள் நாத்தனாரிடம். "என்னால மெஷின் போச்சுன்னு இருக்க வேணாம். போன வருஷம் போச்சே, போதும்."

மாற்று ஆளாக வந்திருந்தவள் துப்புரவுப் பிரிவின் நெட்டைப் பெண். ஒட்டடைக் குச்சி என்று பெயர். நாத்தனார் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"இவளைக் கடைசியில நிறுத்தினா அவங்க கயிறா இழுப்பாங்க? பட்டம் விடுவாங்க. நீங்க நில்லுங்க அண்ணி. ஒண்ணே ஒண்ணு, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருங்க. உங்களப் பாத்துத்தான் மத்தவளுங்க கால் ஊனுறாளுங்க."

பத்து மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. கொட்டு முழக்கம், ஒலிபெருக்கி, பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடைமேல், துணி போர்த்தி, இரண்டு பீரோ அளவுக்கு மெஷின் நின்றது. எதிரணி அந்த ஊர் மருத்துவமனையின் சமையல்கட்டுப் பெண்கள். அண்டாவைத் தூக்கி இறக்கிய கைகள். ஊரே அவர்கள் பக்கம்.

"கயித்த எடு!" என்றார் நடுவர். "இறுக்கு! நில்..."

மூட்டை நாத்தனார் சொன்னபடி சிரித்தாள். சிரித்தது போதாதென்று "ஏய், வாங்கடி!" என்று ஒரு கூச்சலும் போட்டாள். வராத உற்சாகத்தை வலிந்து வரவழைத்ததில் நிதானம் தப்பி, "இழு" என்பதற்குள் வெட்டி இழுத்துவிட்டாள். எச்சரிக்கை. மறுபடி எடுத்தார்கள். மறுபடி வெட்டினாள். இரண்டாவது எச்சரிக்கை. மூன்றில் முதல் இழுப்பு போயிற்று. மைதானம் கெக்கலி கொட்டியது.

"அண்ணி!" என்றாள் நாத்தனார். இஸ்திரிப் பெட்டி கொதித்தது. "நடிக்கச் சொன்னேன், நாடகமே போடச் சொல்லல!"

மூட்டைக்குக் கோபம்கூட வரவில்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது. இல்லாத சிரிப்பைத் தூக்கிச் சுமப்பது ஈர மூட்டையைத் தூக்குவதைவிடக் கஷ்டம் என்று மட்டும் பட்டது. இறக்கி வைத்துவிட்டாள்.

"இனிமே என் மூஞ்சியப் பாக்காதீங்க. முன்னால பாத்து இழுங்க," என்றாள்.

இரண்டாவது இழுப்பு. "கயித்த எடு! இறுக்கு! நில்..." மூட்டை குதிகாலை மண்ணில் புதைத்துப் பின்னால் சாய்ந்தாள். சாய்ந்தபோது அந்தக் கனமும் கூடவே சாய்ந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை. "இழு!" என்றபோது மற்ற ஏழு பேரும் துள்ள, அவள் துள்ளவில்லை. துள்ள அவளிடம் எதுவும் இல்லை.

சமையல்கட்டு அணி ஒரு வெட்டு வெட்டியது. கயிறு முறுகியது. ஏழு பேரும் அரையடி நழுவினார்கள்; எட்டாவது ஆளிடம் வந்து அந்த நழுவல் நின்றுவிட்டது. இன்னொரு வெட்டு. அதுவும் நின்றது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். எதிரணியின் மூச்சு இங்கே கேட்டது.

நாத்தனாருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்த கயிறு, இன்று தூணில் கட்டினாற்போல இருக்கிறது. "பிழிங்கடி!" என்று கத்தினாள். "பெட்ஷீட் பிழியற மாதிரி! ஒண்ணு! ரெண்டு!"

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சாண். ஜெயிக்கத் தேவையான நாலு மீட்டரும் வந்துவிட்டது. விசில்!

ஆளுக்கொரு இழுப்பு. மூன்றாவதுதான் தீர்ப்பு. மைதானத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. எதிரணியின் கடைசி ஆள், மலை மாதிரி ஒரு பெண், கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் விட்டாள்.

"ஏக்கா! யாரு செத்துட்டாங்க? மூஞ்சி ஏன் இப்படி?"

கூட்டம் சிரித்தது. நாத்தனார் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். போன வருடம் இதைவிடச் சின்னக் கிண்டலுக்குத்தான் அண்ணி திரும்பிப் பதில் சொன்னாள். இப்போது மூட்டை அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கயிற்றைச் சரிசெய்தாள்.

"இழு!"

மூன்று நிமிடம் நடந்தது அந்த இழுப்பு. நடுக்குறி இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். சிஸ்டர், மேற்பார்வையாளர் என்பதை மறந்து, எல்லைக்கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தார். அணியின் முதல் பெண்ணின் உள்ளங்கை கிழிந்தது, அவள் விடவில்லை. ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ஓரடி முன்னால் போய்விட்டார்கள், மூட்டையின் குதிகால் மண்ணைக் கலப்பைபோல உழுதது. அவள் மூச்சு விட்டாள், இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். வானம் மட்டும்தான் தெரிந்தது. நேற்றிலிருந்து அவளை அமுக்கிக்கொண்டிருந்த அதே பெரிய வானம். அமுக்கட்டும், என்று கிடந்தாள்.

எதிரே யாரோ ஒருத்தியின் கால் சறுக்கியது. "பிழி!" என்றாள் நாத்தனார். தொண்டை கட்டிவிட்டதால் காற்றுத்தான் வந்தது. அது போதும். ஏழு ஜோடிக் கைகளும் கேட்டுவிட்டன. ஒரு சாண், இரண்டு, ஓரடி, பிறகு ஓட்டமே. விசில் ஊதியதும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எல்லோருக்கும் அடியில் மூட்டை.

எதிரணியின் மலை எழுந்து வந்து, கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டாள். "அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. அந்தக் கடைசி நிமிஷத்துல என்ன நெனச்சிக்கிட்டு நின்னீங்க?"

"ஒண்ணுமே நெனக்கல."

அந்தப் பெண் ஏதோ பெரிய வித்தையைக் கற்றுக்கொண்டதுபோலத் தலையாட்டிக்கொண்டு போனாள்.

மெஷினின் துணியை எடுத்தார்கள். எட்டுப் பெண்களும் அதை மொய்த்துவிட்டார்கள். ஒருத்தி கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். ஒருத்தி உள்ளங்கை ரத்தத்தைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஈட்டுக்கு அறுபது விரிப்பு என்று கம்பெனி ஆள் சொன்னதும் கூச்சல் காதைப் பிளந்தது.

மூட்டை மட்டும் மெஷினின் அகலத்தை முழம் போட்டாள். ஒருமுறை போட்டாள், நம்பாமல் இன்னொருமுறை போட்டாள்.

"இது நம்ம வாசல்ல நுழையாது."

"என்ன அண்ணி குண்டு போடறீங்க?"

"ரெண்டு முழம் வாசல். இது ரெண்டரை. தினமும் ரெண்டு மூட்டையோட அந்த வாசல்ல சிக்கிக்கிற எனக்குத் தெரியாதா? வாசல் நிலையப் பேத்து எடுக்கணும். அந்தப் பக்கம் தண்ணிக் குழாய் போகுது, அதுல கை வைக்கக்கூடாது. இந்தப் பக்கச் சுவரை இடிச்சிட்டு, வாசலை ஒரு முழம் அகலமாக்கிட்டா, மெஷினும் வரும், மூட்டையும் வரும், தள்ளுவண்டியும் வரும். பழைய செத்த மெஷினை முதல்ல வெளிய எடுக்கணும். அதுக்கு ஆஸ்பத்திரி ஆளுங்களை நம்பினா மழை வந்துடும். நாமளே கயித்தக் கட்டி இழுத்துடுவோம்டி, இங்க வந்து ஜெயிச்சவளுங்க, அது என்ன பிரமாதம்..."

நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு கையும் காற்றில் சுவரை இடித்துக்கொண்டிருந்தன. கம்பெனி ஆள் பாதுகாப்பாக இரண்டடி பின்வாங்கி நின்றார்.

"அண்ணி," என்றாள் நாத்தனார், கட்டிப்போன தொண்டையோடு. "எப்பப் போச்சு?"

"எது?" என்றாள் மூட்டை.