எல் என்று சுருங்கிய லுஹான்

எவாரிஸ்தோ லுஹான் தம் மகளின் ஞானஸ்நான விருந்தில் நாற்காலிமேல் ஏறி நின்று பிரகடனம் செய்தார்: "லுஹான்னு கூப்பிட்டாதான் திரும்புவேன். வேற பேர் சொல்லிச் சாவே வந்து கூப்பிட்டாலும் அது வெறுங்கையோடதான் போகணும்." ஞானத்தகப்பன் என்ற முறையில் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்; அன்றிலிருந்து எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே'.

ஒன்பது வருடம் ஓடியது. மணவாழ்க்கை அவ்வளவு ஓடவில்லை. மனைவி கிராசியேலா ஓர்னேலஸ், மகள் இட்செலோடு எல்லைப் பாலம் தாண்டி அமெரிக்காவில் இருக்கும் எல் பாசோவுக்குப் போய்விட்டாள். இவர் இந்தப் பக்கம், மெக்சிகோவின் ஹுவாரெஸில், பஞ்சர் ஒட்டுகிறார். விசா மூன்று முறை கிடைக்கவில்லை. மகளின் படிப்பைப் பள்ளியிலேயே கேட்டறியும் உரிமை தகப்பனுக்கும் உண்டு என்று நீதிபதி எழுதிக் கொடுத்த தாள்தான் மிச்சம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்கு ஒரு ஆணி மேலே மாட்டியிருக்கிறார்.

அந்த உரிமையை நிலைநாட்டப் பள்ளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். தெருவே கேட்டது.

"இட்செல் லுஹானா? அப்படி ஒரு பொண்ணு இங்க இல்லீங்களே," என்றாள் அலுவலகப் பெண்.

"இட்செல் லுஹான் ஓர்னேலஸ்மா. முதல்ல அப்பா பேரு, அப்புறம் அம்மா பேரு. உலகமே அப்படித்தானே வைக்குது?"

"ஓ, இட்செல் எல். ஓர்னேலஸ். இங்க கடைசியா வர்றதுதாங்க குடும்பப் பேரு."

ஏழு தலைமுறை லுஹான்கள் ஒரே எழுத்தாகி, அதன் காலடியில் ஒரு புள்ளியும் வைக்கப்பட்டிருந்தது. எவாரிஸ்தோ இருபது நிமிடம் சொற்பொழிவாற்றினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மாத்தணும்னா அம்மா கையெழுத்து வேணும், ரெண்டு மாசம் ஆகும். டீச்சர் வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க, பத்து நிமிஷம். விட்டா அடுத்தது மார்ச்சுலதான். சரிங்களா, ஓர்னேலஸ் சார்?"

"பொண்டாட்டி போயும் அவ பேரு உன்னை விடலையே, கொம்பாத்ரே," என்றேன்.

"வாயை மூடு. வியாழக்கிழமை பாரு, அந்த டீச்சருக்கே பாடம் எடுக்கறேன்."

வியாழக்கிழமை காலையிலேயே கிரீஸ் போகக் கைகழுவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலையும் சீவிக்கொண்டார். போனில் முகம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தார்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போடவில்லை. ஆனால் அந்த டீச்சருக்கு வகுப்பறைக் குரல், எனக்கே கேட்டது.

"ஓர்னேலஸ் சாருங்களா?"

எவாரிஸ்தோ என்னைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"ஆமாங்க டீச்சர், ஓர்னேலஸ்தான் பேசறேன்," என்றார் மெதுவாக. "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?"