அக்காவின் கால் அளவு

எங்களுக்கு இத்தாலியில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைத்த அடுத்த கோடையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஒல்லாந்திலிருந்த பெரியம்மாவிடம் போனார். மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த அப்பாவுக்கு ஓகஸ்டில் லீவு கேட்க வாயே வராது. பலெர்மோவிலிருந்து இரண்டு நாள் ரயில். எனக்கு ஏழு வயது. எப்ப வரும், எப்ப வரும் என்று கேட்டே அம்மாவின் உயிரை எடுத்தேன்.

பெரியம்மா எங்களை ஒரு மரச்சப்பாத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வாசலில் வரிசையாகச் சப்பாத்துகளைக் கண்டதும் அம்மா தன் செருப்பையும் என்னுடையதையும் கழற்றி ஓரமாக வைத்தார். வரிசையில் இருந்தவையோ விற்பதற்கு அடுக்கியவை.

"இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை, போடு!" என்று பெரியம்மா பல்லைக் கடித்தார். அதற்குள் நாங்கள் ஈரமான மரச்சீவல்மேல் வெறுங்காலோடு நின்றோம்.

பட்டறைக்காரர் குடைந்து முடித்த, ஈரம் காயாத மரச்சப்பாத்தை வாயில் வைத்து ஊதினார். மரத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. எனக்கொரு சோடி வேண்டும் என்று அந்த நொடியே முடிவுசெய்துவிட்டேன்.

அம்மாவோ கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மன்னாரில் மாமியிடம் விட்டுவந்த அக்காவின் பாதம், பேனையால் சுற்றிக் கீறியது. எங்கள் ஆட்கள் ஊருக்குச் சப்பாத்து வாங்குவது இப்படித்தான். மாமி புதிதாகக் கீறி அனுப்பிய தாளும் அதே பையில் இருந்தது. ஆனால் அம்மா எடுத்தது பழையது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அன்று தானே கீறியது. அப்போது அக்காவுக்கு ஏழு வயது, இப்போது பன்னிரண்டு. அவளை இத்தாலிக்கு எடுப்பிக்கும் பேப்பரோ இன்னும் நகரவில்லை.

"அம்மா, அது பழசு. அக்காவுக்குக் கொள்ளாது."

"ஓம், தெரியும்."

பிள்ளை வளரும், ஒரு விரல் கூட வைப்போம் என்று பட்டறைக்காரர் சொன்னதைப் பெரியம்மா தமிழில் சொன்னார். அம்மா இந்த அளவே காணும் என்றுவிட்டார்.

சரிபார்க்க என் காலில் மாட்டினார்கள். அச்சாகப் பொருந்தியது. உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: அம்மா எனக்குத்தான் வாங்குகிறார், பெரியம்மாவுக்காக அக்காவைச் சாட்டுகிறார்!

"வாசல்மட்டும் நடந்திட்டு வா பிள்ளை," என்றார் அம்மா. டொக் டொக்கென்று நடந்தேன். "இன்னொருக்கா." அவர் மூக்கு சிவந்திருந்தது. மரத்தூள் என்றார்.

பலெர்மோவின் சீசா பகுதியில் இருந்த எங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து அந்தச் சப்பாத்து ஞாயிறு பூசைக்குப் பிறகு மட்டும் வெளியே வரும். அம்மா எனக்கு மாட்டிவிட்டு, அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று அரிசி களைவார். நான் அவர் பின்னால் நடக்க வேண்டும். கீழ்வீட்டு இத்தாலியச் சின்யோரா சத்தம் தாங்காமல் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார். எந்தச் சின்யோராவுக்கும் எதிர்த்துப் பேசாத அம்மா, "இடிக்கட்டும். நீ நட," என்பார். இவ்வளவு வடிவாக நடக்கிறேனா என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு ஞாயிறு, திரும்பிப் பார்க்காமலே, அக்காவின் பெயரைச் சொல்லி, "மெல்ல நட, விழுந்திடுவாய்," என்றார்.

"அது நானம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதன்பிறகு அவர் என்னை நடக்கச் சொல்லவேயில்லை. பதினாறு வயதில் அக்கா வந்து சேரும்வரை சப்பாத்து அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. கீழ்வீட்டுச் சின்யோராவுக்குக் கடைசியில் அம்மாவும் பயந்துவிட்டார் என்றுதான் அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.