விறகு மெஷின் பார்க்கப் போன ஜீவராணி

ஜீவராணியைக் கோபக்காரி என்று இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். எதற்குக் கோபம் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இடது கைக் கட்டை விரலை நீட்டிக் காட்டியிருப்பாள். அதில் நகம் இல்லை.

காலையில் அவள் ரப்பர் காட்டில் பால் வெட்டுவாள். மத்தியானத்துக்கு மேல் விறகு வேலை. வயது போன ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடும்போது, அடிமரத்துக் கட்டைகளை யாரும் சீந்த மாட்டார்கள். வருஷக்கணக்கில் கத்தி பட்டுப் பட்டு அவை முடிச்சு முடிச்சாக இறுகிக் கிடக்கும். அவற்றைத்தான் ஜீவராணியும் புருஷன் சுமனும் கேட்டு வாங்கி, பிளந்து, டவுனில் பேக்கரிக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போடுகிறார்கள்.

அந்தக் கட்டைகளிடம் கோடாலி பலிக்காது. இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஆப்பு மரத்தைக் கவ்வும்வரை யாராவது அதைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அடிப்பது புருஷன், பிடிப்பது பெண்டாட்டி. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் விறகு பிளக்கிற எந்த வீட்டு வாசலில் போய்ப் பார்த்தாலும், குந்திக்கொண்டு ஆப்பைப் பிடித்திருப்பவள் பெண்டாட்டிதான். ஒரு நாள் சம்மட்டி வழுக்கி ஜீவராணியின் நகம் போயிற்று. மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். மறுநாளும் பால் வெட்டினாள், மறுநாளும் ஆப்பைப் பிடித்தாள். "பாத்துப் புடிக்க வேணாமா புள்ள" என்றான் சுமன். அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது சுமனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. இனிச் சம்மட்டியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சொன்ன அன்றைக்கே வீட்டில் மெஷின் பேச்சு எழுந்தது. ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் விரலுக்கு மஞ்சள், அவன் தோளுக்கு மெஷின், இது எந்த ஊர் நியாயம்? இருந்தாலும், மெஷின் வந்தால் தன் கைக்கும் விடுதலை என்று நினைத்தாள். விரல் போனால் பால் வெட்டுகிற கத்தியைப் பிடிக்க முடியாது. கத்தி பிடிக்காதவளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய சம்பளமும் கிடையாது.

இருவரும் கரவனெல்லைக்குப் போனார்கள். அங்கே பழைய மெஷின்கள் விற்கும் புவாட் நானாவின் கடை வளவில் விறகு பிளக்கிற மெஷின்கள் இரண்டு நின்றன. இரண்டும் ஒரே மாதிரி. நீளமான இரும்புப் பலகை, ஒரு நுனியில் ஆப்பு, மறு நுனியில் இருந்து கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த ஆப்பில் குத்துகிற தண்டு.

"இதுக்கு ரெண்டு கைப்பிடி இரிக்கி," என்று புவாட் முதல் மெஷினைத் தட்டிக் காட்டினார். "ஒரே ஆள் ரெண்டு கையாலயும் அமத்தினாத்தான் தண்டு நகரும். ஒண்ட விட்டாலும் நிண்டுரும். மத்ததுல, முந்தி வச்சிருந்த ஆள் ஒரு கைப்பிடியக் கம்பியால கட்டிட்டார். ஒத்தக் கை போதும். வேலையும் கெதி, சுருக்கா முடியும்."

சுமனின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் கம்பி கட்டினதுதாங்க நமக்குத் தோது. நம்ம கட்டைங்க கோணல் மாணலா இருக்கும், உருளும். இவ புடிச்சுக்குவா, நான் அமத்திக்குவேன். அதுல பாருங்க, நான் ரெண்டு கையும் வச்சுக்கிட்டு நின்னா இவ சும்மாதானே நிப்பா?"

சும்மா நிற்பாளாம். ஜீவராணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனுக்குத் துளிகூடக் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் அவள் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கட்டை என்றால் அதில் பட்டை இருக்கிற மாதிரி, கட்டை என்றால் அதில் பெண்டாட்டியின் கையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவனை என்ன செய்வது?

"அந்தக் கம்பி கட்டினத ஸ்டார்ட் பண்ணுங்க நானா," என்றாள்.

புவாட் கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. ஜீவராணி அங்கே கிடந்ததில் முடிச்சு விழுந்த கட்டை ஒன்றைத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டுக் கைப்பிடிப் பக்கம் போனாள்.

"நீங்க புடிங்க. நான் அமத்துறேன்."

சுமன் சிரித்தபடி புவாட்டைப் பார்த்தான். பிறகு கட்டையைப் பிடித்தான். அவள் அழுத்தினாள். தண்டு ஒன்றும் வேகமாக வரவில்லை. வருவது நன்றாகத் தெரிகிற மாதிரிதான் வந்தது. கட்டை ஆப்பில் முட்டி, முனகி, ஒரு பக்கமாகத் திரும்பியது. சுமன் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான். கட்டை உருண்டு கீழே விழுந்தது.

"ஏன் எடுத்தீங்க?"

"திரும்புது புள்ள, கையி மாட்டிக்கும்."

"திரும்பாம இருக்கத்தானே புடிக்கச் சொல்றது. நான் கைய எடுத்தா கத்துவீங்க. புடிங்க."

மறுபடி வைத்தான். இந்தத் தடவை தண்டு கட்டையைத் தொடும் முன்னே கை வந்துவிட்டது. அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

"போதும் தங்கச்சி," என்றார் புவாட்.

"போதாது நானா." அவள் குரல் மெஷினுக்கு மேலால் கேட்டது. "இன்னொரு தரம் புடிக்கச் சொல்லுங்க. அவருக்குத் தோதான மெஷினுதானே."

சுமன் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றான். அவள் கைப்பிடியை விடாமல் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் புவாட் தானாகவே வந்து மெஷினை நிறுத்தினார்.

"அந்த ரெண்டு கைப்பிடி உள்ளதப் போட்டுக் காட்டுங்க நானா," என்றான் சுமன்.

புவாட் அந்தப் பக்கம் போனதும் அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஆப்பப் புடிக்கிறப்ப ஒனக்குப் பயமா இருக்குமா புள்ள?"

"ஒவ்வொரு அடிக்கும்," என்றாள் ஜீவராணி. "இன்னைக்குத்தான் கேக்குறீங்க."