பெரியப்பா வீட்டு வாசலில் மஞ்சள் கோடு

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சமைப்பதில்லை. கோயில் மணி அடித்தால் பேச்சை நிறுத்திச் சிலுவை அடையாளம் போட வேண்டும். பெரியப்பா வீட்டோடு கதைப்பதில்லை. இவை மூன்றும் ஒரே மாதிரியான வீட்டு ஒழுங்குகள் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். முதல் இரண்டையும் பாதர் சொல்லியிருப்பார், மூன்றாவதையும் அவர்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் அதற்குக் காரணம் நான்தான். என் ஞானஸ்நானத்துக்குப் பெரியப்பாதான் ஞானத்தகப்பனாக நிற்பதாக இருந்தது. அன்று காலை கடலில் எஞ்சின் பழுதாகி அவருடைய படகு பிந்திவிட்டது. பாதருக்கோ அடுத்த ஊரில் பூசை. அப்பா அவசரப்பட்டு அம்மாவின் தம்பியை நிறுத்திக் காரியத்தை முடித்துவிட்டார். பெரியப்பா கரை சேர்ந்து, குளித்து, புதுச் சட்டை போட்டு, கையில் கேக் பெட்டியோடு வந்தபோது எல்லோரும் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். படியேறாமல் திரும்பிப் போனவர்தான், அதன்பிறகு ஒரு சொல் இல்லை. அப்பாவும் போய் ஒரு சொல் சொல்லவில்லை. இருவரும் ஒரே வள்ளத்தில் தொழில் பழகியவர்கள். ரோஷத்திலும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

அம்மா மட்டும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, "ரெண்டு பேரும் ஒருக்காக் கதைச்சாப் போதும், வேற ஒண்டும் கேக்கேல்ல" என்று வாய்விட்டு மன்றாடுவார். அந்தோனியார் கேட்டாரோ என்னவோ, வீதி அதிகாரசபைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள்.

எங்கள் வீடு கடல் பக்கம், பெரியப்பா வீடு உப்புத் தண்ணீர் தேங்கிய களப்புப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதி. என் பள்ளிக்கூடம் பெரியப்பா வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தது. நேரே கடந்தால் ஒரு நிமிடத்து நடை. ஆனால் அவர்கள் வேலிப் படலைக்கு முன்னால் போகக்கூடாது என்பதால், அம்மா என்னை ஐஸ் கடைவரை கூட்டிப்போய், அங்கே வீதியைக் கடந்து, தென்னந்தோட்டத்துக்குள்ளால் சுற்றி, பள்ளிக்கூடத்தின் பின் கேட்டால் உள்ளே தள்ளிவிடுவார். மழை நாட்களில் நான் முழங்கால் வரை சேற்றோடு வகுப்பில் இருப்பேன். ரோஷம் பெரியவர்களுடையது, சேறு என்னுடையது.

அப்படியிருக்கும்போதுதான் வீதிக்குத் தார்க் கார்ப்பட் போட்டு வழுவழுவென்று ஆக்கினார்கள். அதுவரை குழிகளுக்குப் பயந்து ஊர்ந்த பஸ்கள் பறக்கத் தொடங்கின. சில ஆடுகள் அடிபட்டுப் போயின. மீன் விற்கும் ஒருவர் சைக்கிளோடு வேலிக்குள் விழுந்தார். உடனே சட்டமும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் வீதியைக் கடக்க ஒரு கடவை கீறினார்கள். முந்தி மஞ்சளாக இருந்த கடவைகளை நாடெங்கும் வெள்ளையாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கடவை பிறந்ததே வெள்ளையாகத்தான். ஆனாலும் ஊர் அதை மஞ்சள் கோடு என்றுதான் சொன்னது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது.

அந்த மஞ்சள் கோட்டின் ஒரு முனை எங்கள் படலையில் இருந்தது. மற்ற முனை பெரியப்பா வீட்டுப் படலையில்.

"உலகத்தில வேற இடமே கிடைக்கேல்லையோ இவங்களுக்கு?" என்று அம்மா தலையில் கை வைத்தார். பெரியப்பா ஆள் பிடித்துச் செய்த வேலை என்று அப்பா சொன்னார். அப்பா ஆள் பிடித்துச் செய்த வேலை என்று பெரியம்மா தன் கோழிகளுக்குச் சொன்னார், எங்களுக்குக் கேட்கிற அளவுக்கு. கோடு கீறிய பெடியன்களோ இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த கிழமை ஒரு பொலிஸ்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சட்டத்தை விளக்கினார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் படித்திருந்தார். "பிள்ளைகள், கோட்டிலதான் போகணும். பக்கத்தால போனா பிழை. இடது பக்கமா நடக்கணும். சைக்கிள்ல வந்தா இறங்கித் தள்ளணும். கோட்டில ஆள் நின்னா, பஸ் என்ன, மந்திரி வந்தாலும் நிக்கணும்." மந்திரி விஷயம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பின் கேட்டையும் அன்றே பூட்டிவிட்டார்கள். பொலிஸ்காரர் காலையிலும் பகலிலும் வேப்பமரத்தடியில் நின்று, தள்ளிக் கடப்பவர்களை விசில் அடித்துத் திருப்பி அனுப்பினார். அம்மா ஐஸ் கடைப் பக்கம் நழுவப் பார்த்து ஒருநாள் அகப்பட்டார். அதோடு ஐஸ் கடை வழியும் மூடப்பட்டது.

இப்போது நாங்கள் தினமும் பெரியப்பா வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டும். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியப்பா நாங்கள் வருவதைக் கண்டால் வலையை முகத்துக்கு நேரே உயர்த்தி ஓட்டை தேடுவார். அந்த வலைக்குள்ளால் ஒரு கண் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரியும். என்னை ஒருமுறையாவது பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாரா என்று இருக்கும். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து நிலத்தைப் பார்த்து நடப்பார்.

ஆனால் அப்பாவுக்குச் சட்டம் பிடித்துவிட்டது. ஓய்வாக இருக்கும் நேரமெல்லாம் எழும்பிப் போய்க் கடவையில் இறங்குவார். கையை நீட்டி லொறியை நிறுத்துவார். அந்தப் பக்கம் போய் ஏறுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பெரியப்பாவின் வேலியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், திரும்பி வருவார். "எங்க போனனீங்கள்?" என்று அம்மா கேட்டால், "வாகனம் நிக்குதோ எண்டு பாத்தனான்" என்பார். பெரியப்பாவும் அப்படித்தான். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை இருக்க, தீப்பெட்டி வாங்க எங்கள் பக்கத்துக் கடைக்கு வரத் தொடங்கினார். அந்த மாதம் அவர் வாங்கிய தீப்பெட்டிகளால் ஊரையே கொளுத்தியிருக்கலாம். இரண்டு சகோதரர்களுக்கும் சட்டத்தின்மேல் இத்தனை பக்தியா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருவர் இறங்கும் நேரம் மற்றவர் இறங்கமாட்டார். அது எழுதாத சட்டம். ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் சட்டம் பிழைத்தது.

அம்மாவுக்குக் கை வேலை என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். சைக்கிளை முறைப்படி தள்ளிக்கொண்டு, முறைப்படி இடது பக்கமாக. எதிரே பெரியப்பா மண்ணெண்ணெய்க் கேனோடு இறங்கினார். அவருக்கு வலது பக்கம் வசதிப்பட்டது போலும். வீதியின் நடுவில் சைக்கிள் சில்லும் கேனும் முட்டிக்கொண்டன. யாராவது ஓரடி விலகினால் முடிகிற காரியம். யாரும் விலகவில்லை.

அப்பா கேனைப் பார்த்துச் சொன்னார். "இடப்பக்கத்தால வரவேணும். அதுதான் சட்டம்."

பெரியப்பா சைக்கிள் மணியைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினண்டைக்கு எங்க போனது இந்தச் சட்டம்?"

"பாதருக்கு அங்கால பூசை. அவர் நிப்பாரோ?"

"ஒரு அரை மணித்தியாலம் எனக்காகப் பாத்திருக்க ஏலாமப் போச்சு உனக்கு!"

"பிந்தும் எண்டு ஆளனுப்பிச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நடுக்கடலில இருந்து ஆரையடா அனுப்புறது? மீனையோ?"

இதற்குள் புத்தளத்துப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு வான், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கும் பலகைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள். மறுபக்கம் வெங்காய லொறி, அதற்குப் பின்னால் முச்சக்கர வண்டிகள். ஹோர்ன் சத்தம் களப்பு வரை கேட்டிருக்கும். வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கிப் படம் எடுத்தார், ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார். பஸ் கொண்டக்டர் குதித்து வந்தார். "நானாமாரே, குடும்பக் கதைய ஊட்டுல வெச்சிக்கோங்களேன். சனம் ஒப்பிஸுக்குப் போக வாணாமா?"

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். "கோட்டில ஆள் நிண்டா நிப்பாட்ட வேணும்! சட்டம் தெரியாதோ உனக்கு?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்திவிட்டு, மறுபடியும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிக்கொண்டார்கள்.

கொண்டக்டர் பொலிஸ்காரரைப் பார்த்தார். பொலிஸ்காரர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கோட்டில் ஆள் நின்றால் வாகனம் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. ஆள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்பா யாரோடும் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. பெரியப்பாவின் முகம் சிவந்திருந்தது. அடிபட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்து, புத்தகப் பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, ஓடி வாங்கோ! அப்பாவும் பெரியப்பாவும் றோட்டில சண்டை பிடிக்கினம்!"

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா செதிள் ஒட்டிய கையோடு படலைக்கு ஓடி வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். எதிர்ப் படலையில் பெரியம்மா விளக்குமாற்றோடு நின்றார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார், பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. நடுவில் பெரியப்பா, "அந்தக் கேக்கை நான் புத்தளத்தில சொல்லிச் செய்விச்சனான், தெரியுமோ உனக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போய் விலக்குங்கோம்மா!"

அம்மா படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். செதிள் கையால் சிலுவை அடையாளம் போட்டார். சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"பிடிக்கட்டும் மகள்," என்றார். "விடுங்கோ. நல்லாப் பிடிக்கட்டும்."

அம்மாவின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு காலமும் ஒரு சத்தமில்லாமல் ஒற்றுமையாக இருந்த இரண்டு வீடுகளையும் ஒரு மஞ்சள் கோடு இப்படிக் கெடுத்துவிட்டதே என்று அன்று வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி அழுதேன்.