அக்கா கலந்த டீ

என் கல்யாணத்துல பொண்ணோட சேர்ந்து வந்த ஒரே சொத்து என் மச்சினன்தான். பாக்குறவங்ககிட்டயெல்லாம் இப்படிச் சொல்லிச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான். "மாமா, அவசரப்பட்டு வித்துடாதீங்க, விலை ஏறும்"னு எனக்கே பதில் கொடுப்பான். அவனுக்கு அட்டைப்பெட்டி பட்டறையில வேலை. செருப்புக் கடைக்கும் கேக் கடைக்கும் பெட்டி மடிச்சு, பசை தடவி ஒட்டி அடுக்கணும். கை அப்படி ஒரு வேகம். ஆனா அட்டை வெட்டுற மெஷின் பக்கம் மட்டும் அவனை விடமாட்டாங்க. வலிப்பு.

சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. மாத்திரையா மாத்திப் பாத்தாங்க, எதுக்கும் அடங்கல. "மருந்துக்கு மசியாத வகை"ன்னுட்டார் டாக்டர். பஸ்ல விழுவான், பட்டறையில விழுவான், பல்லு விளக்கும்போது விழுவான். எழுந்து பேந்தப் பேந்த முழிப்பான், ஒரு தூக்கம் போடுவான், மறுபடி பெட்டி மடிக்கப் போயிடுவான். அவன் அக்கா, அதான் என் வீட்டுக்காரி, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அவனைப் பாத்துக்கிட்டா. சாப்பாடோ மாத்திரையோ, அவ கையாலதான் வாங்குவான். உலகத்துல அவன் யோசிக்காம நம்பினது அந்தக் கையை மட்டும்தான்.

அப்புறம் புதுசா ஒரு மாத்திரை வந்துச்சு. வலிப்பு நின்னுபோச்சு! வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு எங்களுக்கு. அவ அதுக்குள்ள பொண்ணு பாக்கலாமான்னு ஆரம்பிச்சுட்டா. "பொறுடி, கண்ணு பட்டுடப் போகுது"ன்னேன். என் கரிநாக்கை அறுத்துப் போடணும்.

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையா ஆச்சு. முதல்ல தூக்கம் போச்சு. அடுத்து ரேடியோவை நிறுத்தச் சொன்னான், அதுல தன்னைப் பத்தித்தான் பேசுறாங்களாம். ஒருநாள் பட்டறை முதலாளி போன் பண்ணினார். "ஒட்டி வச்ச பெட்டியையெல்லாம் கிழிச்சுட்டான் சார். உள்ள எதையோ ஒளிச்சு வச்சிருக்கோமாம். எனக்குக் கோபம் வரல, பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

போனேன். கிழிஞ்ச அட்டைக்கு நடுவுல உக்காந்து நகத்தால பசையைச் சுரண்டிக்கிட்டிருந்தான்.

"மெதுவா பேசுங்க மாமா, கேக்குறாங்க."

"யாருடா?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

என்னையும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனாத்தான் பாத்தான்.

டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்னு வீட்ல சண்டை போட்டேன். "சொன்னா அந்த மாத்திரையை நிறுத்திடுவாங்க. மறுபடி நடுத்தெருவுல விழுவான். உங்களுக்கென்ன, தம்பி எனக்குத்தானே"ன்னா. மறுநாள் ஆஸ்பத்திரியில நான் வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள, "நல்லாயிருக்கான் டாக்டர், நல்லா தூங்குறான்"னு சொல்லி முடிச்சுட்டா. பக்கத்துல அவன் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தான். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தா, என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணு கலங்குறா. பொண்டாட்டி அழுதா எனக்கு மூளை வேலை செய்யாது.

அந்த வாரமே மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சான். "இதுல என்னமோ கலந்திருக்காங்க. வீட்டு ஆளுங்களே உன்னை முடிச்சுடுவாங்கன்னு ஒருத்தன் காதுல சொல்லிக்கிட்டே இருக்கான்க்கா." இவ என்ன பண்ணினா தெரியுமா? மாத்திரையைக் கரண்டியால நுணுக்கி அவன் டீயில கலந்தா. பெத்த புள்ளைக்குக் கொடுக்குற மாதிரி கொடுக்குறாளாம்!

தண்ணி குடிக்க வந்தவன் அடுப்படி வாசல்ல நின்னு அதைப் பாத்துட்டான். கத்தலை. "அக்கா, நீயுமா?"ன்னு மட்டும் கேட்டான். அப்புறம் டம்ளரைத் தட்டிவிட்டான், கொதிக்கிற டீ அவ கையில கொட்டிச்சு. தெருவுல இறங்கி, "எங்கக்கா எனக்கு விஷம் வைக்கிறா"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதான். நாலு பேர் சேர்ந்து புடிச்சுத்தான் ஆட்டோவுல ஏத்தினோம். அக்காவைக் கிட்டயே வர விடல.

நாங்க எல்லாத்தையும் ஒப்பிச்சதுக்கப்புறம் டாக்டர் சொன்னார்: "சில பேருக்கு அபூர்வமா இப்படி ஆகும்மா. வலிப்பு நிக்கும், மனசு தடம் மாறிடும். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே." அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, மனசுக்கு வேற மருந்து கொடுத்தாங்க. ஒரு மத்தியானம் வார்டுல கட்டிலுக்குப் பக்கத்துலயே வெட்டி இழுத்துக்கிட்டு விழுந்தான். நர்ஸ் ஓடி வர்றாங்க, என் வீட்டுக்காரி கட்டுப் போட்ட கையைக் கூப்பி "அப்பாடா, என் பழைய தம்பி வந்துட்டான்"ங்கிறா. பக்கத்துக் கட்டில்காரங்க எங்களை ஒரு மாதிரி பாத்தாங்க. வலிப்பு வந்ததுக்குச் சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்களாத்தான் இருப்போம்.

காதுல பேசினவன் போயிட்டான். ரேடியோ கேக்குறான். பட்டறைக்குப் போறான். விழுறான், எழுறான். ஆனா வீட்ல அவனே அரிசி கழுவி, அவனே உலை வச்சு, அவனே போட்டுச் சாப்பிடுறான். டீ கடையில குடிச்சுக்குறான். அவ எதை நீட்டினாலும் "பசியில்லக்கா"ங்கிறான், தன்மையாத்தான்.

நேத்து அவளால தாங்க முடியல. சோத்துத் தட்டோட அவன் முன்னாடி உக்காந்து அழுதா. "அது உன் மாத்திரைதான்டா தம்பி. விஷம்னு உனக்குத் தோணினது நோயிடா. இப்பதான் நோய் போயிடுச்சே."

"தெரியும்க்கா. ரேடியோவுல பேசினது பொய். பெட்டிக்குள்ள இருந்தது பொய். எல்லாம் எனக்கு இப்ப தெரியுது." அவன் அவளோட தழும்பு விழுந்த கையைத் தொட்டுப் பாத்தான். "ஆனா நீ எனக்குத் தெரியாம கலந்த. அது நிஜம்தானே?"

அவனை அதட்டலாம்னு வாயெடுத்தேன். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. அவன் எழுந்து உலை வைக்கப் போனான்.