வேல்ஸ்காரரின் புது வேன்

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டி என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கூரை போட்ட கால்பந்து மைதானம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். முதலாளி வேல்ஸ்காரர், அறுபதைத் தாண்டியவர். நான் முன்மேசையில் பெயர் எழுதுவேன், போன் எடுப்பேன், பிள்ளைகள் கழற்றிப் போடும் பயிற்சிச் சட்டைகளைத் துவைத்து மடிப்பேன்.

சேர்ந்த வாரமே அவரை இங்கிலாந்துக்காரர் என்று சொல்லிவிட்டேன். "உங்களை யாராவது இந்திக்காரின்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கும்," என்றார். பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் கிளப்பில் சேர்ந்து பதினேழு வருடம் பின்வரிசையில் ஆடியிருக்கிறார். நல்ல உயரம். "மேலே வர்ற பந்துக்குத் தலையைக் கொடுக்கணும். அதுக்குத்தான் என்னை வச்சிருந்தாங்க," என்பார். மழையில் ஊறிய பந்து செங்கல் மாதிரி வருமாம். சில ஆட்டங்கள் முடிந்து வீட்டுக்கு எப்படிப் போனோம் என்பதே நினைவிருக்காதாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். முழங்கால் போன பிறகு இங்கே ஒரு சின்ன கிளப்புக்கு ஆட வந்தார். அதுவும் மூடிப்போனதால் செயற்கைப் புல் விரிக்கும் வேலைக்குப் போய், பிறகு அதையே தொழிலாக்கினார். நான் சேர்ந்தபோது ஒரு மைதானம். போன வருடம் மூன்று.

போன வருடம்தான் அது ஆரம்பித்தது. விசிலை ஒரு நாள் ஃபிரிட்ஜில் பால் டப்பாவுக்குப் பின்னால் கண்டெடுத்தேன். என் மகள் எந்த வகுப்பு என்று ஒரே மாலையில் நான்கு முறை கேட்டார். இன்னொரு நாள் காரில் ஏறி, இஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே போய் என்ன என்று கேட்கவில்லை.

கோடை விடுமுறையில் புது வேன் வந்தது. சனிக்கிழமை சான் அன்டோனியோவில் போட்டி. மற்ற பயிற்சியாளர்கள் முதல் நாளே போய்விட, பன்னிரண்டு பிள்ளைகளை அவரே ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதில் என் மகளும் ஒருத்தி.

பெற்றோரில் பாதிப் பேர் தமிழர்கள். பூஜை போடாமல் விடுவார்களா? வெள்ளிக்கிழமை மாலை சந்தனம், குங்குமம், தேங்காய் எல்லாம் வந்தன. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான்.

"கோச், ஸ்லோவா முன்னாடி வாங்க!" என்று ஒரு அப்பா கூப்பிட்டார்.

"அங்கிள் ஜூஸ் பிழியறாரு, யாராச்சும் சர்க்கரை கொண்டு வாங்கடி!" என்று ஒரு அம்மா சிரித்தார்.

பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, நெற்றிக் குங்குமத்தோடு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்னைக்கு நம்ம ஊர்லயா ஆட்டம், வெளியூர்லயா? மத்த பசங்க எல்லாம் பஸ்ல ஏறிட்டாங்களா?"

ஜோக் என்று பக்கத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்து பஸ்ஸைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

பூஜையை முன்னின்று நடத்திய அக்காவை ஓரமாகக் கூப்பிட்டேன். "அக்கா, அவருக்கு ஞாபகம் சரியில்ல. நாளைக்கு ஃப்ரீவேல அவரு ட்ரைவ் பண்றது..."

"இப்பத்தான் கற்பூரம் காட்டியிருக்கோம். வண்டி முன்னாடி நின்னு பேசற பேச்சாடி இது? வாயைக் கழுவு."

வாயை மூடிக்கொண்டேன். முதலாளியுடைய மனைவியின் நம்பர் என் மேசையில் ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் எப்படித் தொடங்குவது என்று இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நல்ல காரியத்தன்று அபசகுனமாகப் பேசினவள் என்ற பேர் வேறு வரும். போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் கணவர், "நீ என்ன டாக்டரா? சும்மா இரு," என்றார்.

"அப்ப நம்ம பொண்ணை அனுப்பலாமா?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மகளுக்கு ஜுரம், வர முடியாது என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். "அம்மா, ஐ டோன்ட் ஈவன் ஹேவ் எ ஃபீவர்!" என்று அவள் கத்தினாள். மற்ற பதினோரு அம்மாக்களும் அதே குழுவில்தான் இருந்தார்கள். 'டேக் கேர்' என்று வரிசையாக எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி போட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் கிளம்பியது. ஒன்பது மணிக்கு ஒரு பெண் தன் அம்மாவைக் கூப்பிட்டு, லூசியானா என்று போர்டு வருகிறது என்றாள். சான் அன்டோனியோ மேற்கே இருக்கிறது. அவர் கிழக்கே ஓட்டியிருந்தார். அந்த அம்மா சொல்லி, போலீஸ் வந்து வேனை ஓரம் கட்டியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அவருடைய மனைவி மைதானத்துக்கு வந்து, அவர் கையிலிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.